டாப்பிளுக்கு டாப்பிள் போடலாமா? டாஷ்ஹண்ட் நிறங்கள் பற்றி ஒரு பதில்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் வீட்டில் இரண்டு வயது ஆண் டாஷ்ஹண்ட் நாய் இருக்கிறது. கறுப்பு உடம்பில் சாம்பல் திட்டுகள் உள்ள டாப்பிள். அதற்கு ஒரு பெண் தேடுகிறார். "டாப்பிளுக்கு டாப்பிளே போடுங்கள், குட்டி எல்லாம் டாப்பிளாக வரும், நல்ல விலைக்குப் போகும்" என்று குட்டி விற்பவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியா என்பது முதல் கேள்வி. இரண்டாவது, இந்த ஆணின் தாய் முழுச் சிவப்பு. சிவப்புத் தாய்க்குக் கறுப்பு உடம்புள்ள குட்டி எப்படிப் பிறந்தது?

முதல் கேள்விக்கு நேராகவே பதில்: போடக் கூடாது. உடல்நலக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், விற்பவர் சொன்ன கணக்கே தப்பு. டாப்பிள் திட்டு மெர்ல் என்ற மரபணு மாற்றத்தால் வருவது. உங்கள் நாயிடம் அந்த மரபணுவின் ஒரு பிரதி மெர்ல், இன்னொன்று சாதாரணம். திட்டு இல்லாத பெண்ணோடு சேர்த்தால் பிறக்கும் குட்டிகளில் சராசரியாகப் பாதி டாப்பிள், பாதி சாதாரணம். இரண்டு டாப்பிளைச் சேர்த்தால் நூற்றுக்கு 50 ஒற்றை டாப்பிள், 25 திட்டே இல்லாதவை, மீதி 25 தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் மெர்லை வாங்கிய இரட்டை டாப்பிள். ஒற்றை டாப்பிள் குட்டிகளின் எண்ணிக்கை இரண்டு வழியிலும் அதே 50தான். டாப்பிள் பெண்ணைத் தேடிப் பிடித்ததில் கூடுதலாகக் கிடைப்பது, கண்ணிலோ காதிலோ குறையோடு பிறக்க வாய்ப்புள்ள அந்த 25 மட்டுமே. ஆக வியாபாரமாகப் பார்த்தாலும் இதில் லாபம் எதுவும் இல்லை.

இந்த இனத்தின் நிறங்களைப் புரிந்துகொள்ள ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் போதும்: நாய் வெளியே காட்டும் நிறம் வேறு, உள்ளே வைத்திருக்கும் நிறம் வேறு. அடிநிறம் ஒரு மரபணு, அதை வெளிறச் செய்வது இன்னொன்று, மேலே விழும் வடிவம் மற்றொன்று. ஒன்றை ஒன்று மறைக்கவும் செய்யும். விளம்பரங்களில் வரும் பத்திருபது நிறப் பெயர்களும் இந்தச் சேர்க்கைகளிலிருந்து வருபவைதான்.

நாயின் முடியில் இருப்பது இரண்டே நிறமிகள். ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. டாஷ்ஹண்டில் பெரும்பாலும் காண்பது சிவப்பும், "பிளாக் அண்ட் டான்" என்று நாம் சொல்லும் கறுப்பு-டானும் (உடம்பு கறுப்பு; புருவம், கன்னம், கால்களில் மட்டும் டான் என்கிற சிவப்பு). எந்த முடியில் எந்த நிறமி விழ வேண்டும் என்று தீர்மானிப்பது அகூட்டி மரபணு. அதில் சிவப்பு வடிவம் மேலோங்கும், அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளியே தெரியும்; கறுப்பு-டான் வடிவம் ஒடுங்கும், அதாவது இரண்டு பிரதி சேர்ந்தால்தான் தெரியும். சிவப்பு நாயிடம் ஒடுங்கிய கறுப்பு-டான் பிரதி ஒன்று ஒளிந்திருக்கலாம், பார்த்தால் தெரியாது. உங்கள் நாயின் தாய் அப்படிப்பட்டது. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டு கறுப்பு-டான் பிரதியும் சேர்ந்ததால் உங்கள் நாய் கறுப்பாகப் பிறந்தது. இப்படி ஒளித்து வைத்திருக்கும் இரண்டு சிவப்பு நாய்களைச் சேர்த்தாலும் நான்கில் ஒரு குட்டி கறுப்பு-டானாக வரும். "ரெண்டும் சிவப்பு, குட்டி மட்டும் கறுப்பு, வேறு நாய் ஏறிவிட்டது" என்று சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பாவம், அந்தத் தாய் நாய் மேல் ஒரு தப்பும் இருந்திருக்காது.

இந்தச் சிவப்பின் பூர்வீகம் சுவாரசியமானது. 2021 இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகமும் சுவிட்சர்லாந்தின் பெர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், நாய்களின் மேலோங்கும் மஞ்சள்-சிவப்பு வடிவம் சாம்பல் ஓநாய்களின் கிளையிலிருந்து 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து, பிறகு அழிந்துபோன ஒரு விலங்கிடமிருந்து வந்தது என்று தெரிந்தது. மடியில் படுத்திருக்கும் சிவப்புக் குட்டிக்கு அவ்வளவு பழைய சொத்து! கறுப்பு-டானின் புருவப் பொட்டுக்கும் பழைய பெருமை உண்டு. ரிக் வேதம் யமனின் நாய்களை நான்கு கண் உடையவை என்று சொல்வது இந்த இரண்டு பொட்டுகளைத்தான் என்று பலர் கருதுகிறார்கள்.

சிவப்பிலேயே பல தினுசு. பிறக்கும்போது முதுகில் கரி பூசினாற்போல இருக்கும் குட்டி பல மாதங்களில் தெளிந்து சுத்தச் சிவப்பாகும். சிலவற்றுக்கு அந்தக் கறுப்பு நுனிகள் கடைசி வரை நிற்கும். நீள்முடி வகையில் சேபிள் என்று ஒன்று உண்டு: ஒவ்வொரு முடியும் அடியில் சிவப்பு, நுனியில் கறுப்பு. தூரத்தில் கறுப்பு-டான் மாதிரியே தெரியும். முடியைப் பிரித்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். கம்பிமுடி வகையில் அதிகம் காண்பது காட்டுப்பன்றி நிறம். அதில் ஒரே முடியில் வெளிர், கருமை, வெளிர் என்று பட்டை பட்டையாக ஓடும். இலையுதிர்காலக் காட்டில் வளைக்கரடி (பேட்ஜர்) வேட்டைக்குப் போன நாய்க்கு அந்த நிறம் பொருத்தம்தான். நம் ஊரில் கம்பிமுடி டாஷ்ஹண்டைப் பார்ப்பதே அபூர்வம் என்பதால் இதை இத்தோடு விடுகிறேன்.

சாக்லேட் என்பது தனி அடிநிறம் இல்லை. கறுப்பு நிறமியையே பழுப்பாக மாற்றும் ஒடுங்கு மரபணு அது. அதனால் உடம்பில் எங்கெல்லாம் கறுப்பு வர வேண்டுமோ அங்கெல்லாம் பழுப்பு வரும்: முடி, மூக்கு, கண்ணிமை ஓரம், பாதத்தின் மெத்தை, நகம். கண்ணும் தேன் நிறத்துக்குப் போய்விடும். "டார்க் சாக்லேட்" என்று காட்டப்படும் குட்டிக்குக் கறுப்பு மூக்கு இருந்தால் அது சாக்லேட் இல்லை, வேறு ஏதோ. டாஷ்ஹண்ட் வாங்கப் போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான்: முடியைப் பார்ப்பதற்கு முன் மூக்கைப் பாருங்கள். முடி வெயிலில் வெளுக்கும், வயதில் மாறும், போட்டோவில் எப்படி வேண்டுமானாலும் தெரியும். மூக்கு அவ்வளவு சீக்கிரம் ஏமாற்றாது. பிறந்த சில வாரங்களுக்கு மட்டும் மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும், அந்த வயதில் முடிவு கட்ட வேண்டாம். சிவப்பு நாய்க்கும் பழுப்பு மூக்கு வரலாம். அப்படி வந்தால் அந்தச் சிவப்புக்கு அடியில் சாக்லேட் இருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது "ரேர் கலர்" என்று கூடுதல் விலை சொல்லும் நிறங்கள். ப்ளூ என்பது வெளிறிய கறுப்பு. ஈய நிறமும் சாம்பல் மூக்கும் இருக்கும். இசபெல்லா என்பது வெளிறிய சாக்லேட். வைக்கோலும் சாம்பலும் கலந்த ஒரு நிறம். இரண்டுக்கும் காரணம் ஒரே வெளிறல் மரபணு. நிறமி முடியில் சீராகப் பரவாமல் கட்டி கட்டியாக நிற்பதால் கண்ணுக்கு வெளிறித் தெரிகிறது. அந்தக் கட்டிகளே சில நாய்களில் முடித்தண்டை உடைத்து, வேர்ப்பையையும் கெடுத்துவிடும். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் முதுகில் முடி மெலியத் தொடங்கும், தோல் செதில் விடும், புண் வரும். வெளிறல் சார்ந்த முடியுதிர்வு என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எல்லா ப்ளூ நாய்க்கும் வருவதில்லை. வந்தால் குணப்படுத்தும் மருந்து கிடையாது, ஷாம்பூவும் எண்ணெயும் போட்டுப் பராமரிப்பதோடு சரி. முதுகில் முடி இல்லாத நாயை நம் ஊர் வெயிலில் வைத்துக் காப்பாற்றுவது எவ்வளவு பாடு என்று யோசித்துக்கொள்ளுங்கள். இந்த நிறத்துக்காகக் கூடுதல் காசு கொடுப்பதை என்னால் ஏற்க முடிவதில்லை. ஏற்கெனவே வீட்டில் ப்ளூ இருக்கிறதென்றால் அது வேறு விஷயம். அதை நன்றாக வளருங்கள், குட்டி மட்டும் போட வைக்காதீர்கள்.

பிரிண்டில் என்றால் சிவப்பின் மேல் கறுப்பு வரி. வரி விழுவது சிவப்பு முடி உள்ள இடத்தில் மட்டும்தான். அதனால் சிவப்பு நாயில் உடம்பெல்லாம் வரி தெரியும். கறுப்பு-டானில் புருவப் பொட்டு, கன்னம், கால் என்று டான் இருக்கும் இடத்தில் மட்டும் தெரியும். தேடிப் பார்க்காவிட்டால் கவனிக்கவே மாட்டோம். உடம்புக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. வரி என்றதும் 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னம் வால்டி ஞாபகம் வருகிறது. ஓட்டல் ஐக்கர் குழு வடிவமைத்த அந்த டாஷ்ஹண்டின் உடம்பில் மஞ்சள், பச்சை, ஆரஞ்சு என்று பட்டைகள். அந்த நிறத்தில் குட்டி வேண்டும் என்று யாரும் கேட்காதவரை சரி.

இப்போது டாப்பிளுக்கு வருகிறேன். 2006 இல் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மெர்லின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். நிறமி உருவாக்கத்துக்குத் தேவையான ஒரு மரபணுவுக்குள் ஒரு டிஎன்ஏ துண்டு புகுந்து உட்கார்ந்திருக்கிறது. அந்தத் துண்டின் வால் நீளமாக இருந்தால் திட்டு நன்றாகத் தெரியும். குட்டையாக இருந்தால் ஒன்றுமே தெரியாமலும் போகும். மெர்ல் கறுப்பையும் பழுப்பையும்தான் கலைக்கும், சிவப்பைப் பெரும்பாலும் தொடாது. உங்கள் நாயைக் காலை வெயிலில் நிறுத்திப் பாருங்கள். கறுப்புத் துணியில் ப்ளீச்சிங் தண்ணீர் தெறித்தது போல அங்கங்கே வெளிறியிருக்கும், ஓரங்கள் பிசிறு பிசிறாக இருக்கும். சாம்பல் திட்டுக்குள் கையால் முடியை விலக்கினால் சுத்த வெள்ளை இருக்காது. வெளிறிய முடியும் கறுப்பு முடியும் கலந்தே இருக்கும். புருவப் பொட்டும் கால்களின் டானும் அப்படியே திட்டில்லாமல் நிற்கும். ஒரு கண்ணிலோ, ஒரு கண்ணின் ஒரு மூலையிலோ நீலம் இருக்கலாம்.

மெர்ல் சிவப்பைத் தொடாது என்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. சிவப்பு டாஷ்ஹண்டுக்கு மெர்ல் இருந்தால் குட்டியாக இருக்கும்போது முதுகில் லேசான திட்டு தெரியும்; வளர வளர அது சிவப்பில் கரைந்து காணாமல் போய்விடும். இதைவிட மோசம் "கிளியர் ரெட்" என்ற வகை. இது முன்னே சொன்ன அகூட்டிச் சிவப்பு இல்லை. வேறொரு ஒடுங்கு மரபணு இரண்டு பிரதியாகச் சேரும்போது, முடியில் கறுப்பு நிறமியே வராமல் போய், நாய் முழுக்கச் சிவப்பாகவோ க்ரீமாகவோ இருக்கும். மூக்கில் மட்டும் கறுப்பு இருக்கும். இரண்டு கறுப்பு-டான் நாய்களுக்குக்கூட இப்படி ஒரு குட்டி பிறக்கலாம். இந்த நாயில் மெர்ல் இருந்தாலும் தெரியாது, பிரிண்டில் இருந்தாலும் தெரியாது. கலைப்பதற்குக் கறுப்பு முடி இருந்தால்தானே! ஆக, பார்வைக்கு மாசுமறு இல்லாத ஒரு சிவப்புப் பெண்ணை உங்கள் டாப்பிளுக்குப் போட்டு, இரட்டை டாப்பிள் குட்டி பிறப்பது நடக்கக்கூடிய காரியம்தான். க்ரீமிலும் இதே கதை. அதிலும் நீள்முடி வகையில் பிரபலமான இங்கிலீஷ் க்ரீம் குட்டிகள் கருமையாகப் பிறந்து மாதக்கணக்கில் வெளுப்பவை. சின்ன வயதுப் போட்டோ இல்லாமல் அவற்றைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

இரட்டை டாப்பிளுக்கு என்ன ஆகும்? நிறமிச் செல்கள் முடிக்கு மட்டும் வேலை செய்வதில்லை. உள்காதில், ஒலியை உணரும் மயிர்ச்செல்கள் உயிரோடு இருக்க வேண்டிய சூழலைக் காப்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. அவை அங்கே வந்து சேராவிட்டால் பிறந்த சில வாரங்களில் மயிர்ச்செல்கள் அழிந்துவிடும், பிறகு திரும்பாது. கண் உருவாவதிலும் குழப்பம் வரும். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் ஸ்ட்ரெய்ன் குழு 2009 இல் பல இன மெர்ல் நாய்களின் காதைச் சோதித்தபோது, இரட்டை மெர்ல் நாய்களில் சுமார் நான்கில் ஒன்றுக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்கவில்லை. ஒற்றை மெர்லில் அது மிகச் சிறிய விழுக்காடுதான்.

நேரில் பார்த்தால் இப்படி இருக்கும். சாப்பாட்டுத் தட்டு சத்தம் கேட்டதும் மற்ற குட்டிகள் உருண்டு புரண்டு ஓடிவரும். ஒன்று மட்டும் தூங்கிக்கொண்டே இருக்கும், பக்கத்துக் குட்டி மேலே மிதித்த பிறகுதான் எழும். கண் திறக்கும் நாளில் ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாக இருக்கும். மூன்றாம் இமை பாதிக் கண்ணை மூடியிருக்கும், கண்மணி வட்டமாக இல்லாமல் கீழே சரிந்திருக்கும். சில குட்டிகளுக்குக் கண்ணே உருவாகியிருக்காது. எல்லா இரட்டை டாப்பிளும் இப்படிப் பிறப்பதில்லை. நல்ல கண்ணும் காதுமாகப் பிறப்பவையும் உண்டு. எது எப்படிப் பிறக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். நிறைய வெள்ளை உள்ள டாஷ்ஹண்டைப் பார்த்ததும் இரட்டை டாப்பிள் என்று முடிவு செய்ய வேண்டாம். பைபால்ட் என்று வேறு ஒன்று இருக்கிறது. அது ஒடுங்கு மரபணு. சாதாரணமாகத் தெரியும் தாய் தகப்பனுக்கும் பைபால்ட் குட்டி பிறக்கலாம். பைபால்டில் வெள்ளை சுத்த வெள்ளையாக இருக்கும், நிறத் திட்டுகள் முழுக் கறுப்பாகவோ முழுச் சிவப்பாகவோ ஓரம் தெளிவாக இருக்கும், திட்டுக்குள் சாம்பல் கலங்கல் இருக்காது. வெள்ளையில் பொட்டுப் பொட்டாகப் புள்ளியும் வரும். இரட்டை டாப்பிளில் வெள்ளையோடு சேர்ந்து அந்தக் கலங்கிய சாம்பல் திட்டுகளும் இருக்கும். காதைச் சுற்றி வெள்ளை அதிகம் இருந்தால் பைபால்டிலும் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு உண்டு என்பதை மறக்க வேண்டாம். நெஞ்சில் ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் இருந்தால் அது இரண்டும் இல்லை, கவலைப்பட ஒன்றுமில்லை.

விதிகளைக் கேட்டால்: 1888 இலிருந்து இயங்கும் ஜெர்மன் டெக்கல் கிளப்பின் (டெக்கல் என்பது டாஷ்ஹண்டுக்கு ஜெர்மன் பெயர்) நாட்டில், ஒற்றை டாப்பிள் பழைய, ஏற்கப்பட்ட நிறம். ஜெர்மனியின் தரவரையறையையே எஃப்சிஐ என்ற சர்வதேச நாய்ச் சங்கக் கூட்டமைப்பு பின்பற்றுகிறது. பைபால்டும் ப்ளூவும் அந்தப் பட்டியலில் இல்லை. பிரிட்டனின் கென்னல் கிளப் இரண்டு மெர்ல் பெற்றோருக்குப் பிறந்த குட்டிகளைப் பதிவு செய்வதே இல்லை. இந்தியாவில் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட கென்னல் கிளப் ஆஃப் இந்தியாவின் சான்றிதழ் கையில் இருந்தால், அதில் பெற்றோரின் நிறத்தை எழுதியபடி நம்பிவிடாமல், முடிந்தால் பெற்றோரையே நேரில் பாருங்கள். சான்றிதழில் "ரெட்" என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரிந்த நிறம்தான்.

சரி, உங்கள் ஆணுக்கு எந்தப் பெண்? என் முதல் தேர்வு நல்ல அடர்ந்த கறுப்பு-டான், அடுத்தது சாக்லேட்-டான். இரண்டிலும் உடம்பு முழுக்கக் கறுப்பு அல்லது பழுப்பு நிறமி இருப்பதால் மெர்ல் இருந்தால் பெரும்பாலும் ஏதாவது ஓர் இடத்தில் காட்டிக்கொடுக்கும். அப்போதும் காதின் பின்புறம், விரலிடுக்கு, வால் நுனி என்று தேடிப் பாருங்கள். ஒரு நாணய அளவு சாம்பல் திட்டுகூட மெர்லாக இருக்கலாம். சிவப்பு, க்ரீம், சேபிள் பெண் என்றால் மெர்ல் டிஎன்ஏ பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் சேர்க்காதீர்கள். கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக் குச்சியால் தேய்த்து அனுப்பினால் போதும், ரத்தம் எடுக்க வேண்டியதில்லை. அதோடு பெண்ணின் குடும்பத்தில் யாருக்காவது நடு வயதில் பின்னங்கால் இழுத்துக்கொண்டதா என்றும் கேளுங்கள். இந்த இனத்தை அதிகம் முடக்குவது முதுகெலும்பு வட்டுப் பிரச்சினைதான். அதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்பதால் இங்கே நீட்டவில்லை.

ஒருவேளை டாப்பிள் பெண்ணோடு மேட்டிங் ஏற்கெனவே நடந்துவிட்டது என்றால் உடனே கால்நடை மருத்துவரிடம் பேசுங்கள். ஆரம்ப நாட்களில் கர்ப்பத்தை நிறுத்த வழி உண்டு. குட்டிகள் பிறந்துவிட்டால், வெள்ளை அதிகமுள்ள குட்டிகளை ஆறேழு வார வயதில் கண் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். காதுக்கு வீட்டிலேயே முதல் சோதனை செய்யலாம்: குட்டி தூங்கும்போது, காற்றோ தரை அதிர்வோ படாமல், பின்னால் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும், அதைக் கருவி வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். முழுச் செவிடான குட்டி கைச்சைகைக்கு நன்றாகவே பழகும், ஆனால் தெருவில் வண்டிச் சத்தம் அதற்குக் கேட்காது. எடுத்துப் போகிறவரிடம் இதை முன்பே சொல்லி, சங்கிலி இல்லாமல் வெளியே விடமாட்டேன் என்று ஒப்புக்கொள்பவருக்கு மட்டும் கொடுங்கள். அப்படிப்பட்ட குட்டிக்குக் காசு வாங்காதீர்கள்.